சோறு பொங்கி விளையாடும் பிள்ளைகளும் முற்றத்துச் செடிகளும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குழித்துறைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் எந்த வீட்டு முற்றத்துக்குப் போனாலும் ஒரு மூலையில் மூன்று கல்லும் இரண்டு சிரட்டையும் கிடக்கும். அந்த வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். கேரள எல்லை தாண்டிப் பாறசாலைப் பக்கம் போனால் பிள்ளைகள் கஞ்சியும் கறியும் வைப்பார்கள், இங்கே சோறு பொங்குவார்கள். அடுப்பும் சிரட்டையும் எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

நான் குழந்தை மருத்துவர். ஆறு வயது மகளுக்கும் இரண்டரை வயது மகனுக்கும் அம்மா. இந்த விளையாட்டைப் பார்த்துக்கொண்டே இருக்க எனக்கு அலுப்பதில்லை. பெரியவளுக்கு மீன் விற்பது பிடிக்கும். அலுமினியச் சருவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு திண்ணைக்கு வருவாள். மாவிலை என்றால் சாளை. புளிய இலை என்றால் நெத்தோலி. என் மாமியார் விலையைக் குறைத்துக் கேட்டால், “மக்களே, இன்னைக்கு கடல்ல மீனே இல்லே” என்பாள். பிள்ளைகளைக் கூப்பிடும் ‘மக்களே’ அவருக்கே! எங்கள் தெருவுக்கு வரும் மீன்கார அம்மா அப்படித்தான் கூப்பிடுவார். அப்புறம் உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்றை நீட்டி அதில் பணம் போடச் சொல்வாள். போட்டதும், கடைகளில் செல்போனில் பணம் கட்டினால் பேசும் பெட்டியின் குரலில், பணம் வந்துவிட்டதாக அவளே அறிவிப்பாள்.

சமையல் என்று வந்தால் இன்னும் நுணுக்கம். செங்கல்லை உரசினால் மிளகாய்ப்பொடி. செம்பருத்தி இலையைக் கசக்கினால் வருகிற கொழகொழப்புதான் புளிசேரி. பிலா இலையை மடக்கி ஈர்க்கில் குத்தி, எங்கள் பாட்டிமார் கஞ்சி கோரிக் குடித்தார்களே, அதே மாதிரி கரண்டி செய்கிறாள். அதை யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒருமுறை பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். இலை கிழியாமல் ஈர்க்கிலைச் செருகும்போது நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு அவள் காட்டும் கவனத்தை எந்த எழுத்துப் பயிற்சிப் புத்தகமும் வாங்க முடியாது.

ஒரு பொருளை இன்னொன்றாக நினைத்துக்கொள்வது லேசான வேலை இல்லை. ஒன்றரை வயதை ஒட்டிக் குழந்தை வெறும் தம்ளரை வாயில் வைத்துக் குடிப்பதுபோல் காட்டும், பொம்மைக்கு ஊட்டும். இரண்டு வயதுவாக்கில் செங்கல் பஸ்ஸாகிவிடும். மூன்று வயதுக்கு மேல் கதையே வந்துவிடும், நீ அம்மா, நான் டாக்டர் என்று. 16 முதல் 30 மாதம் வரையுள்ள பிள்ளைகளின் வளர்ச்சியை அறிய நாங்கள் பெற்றோரிடம் கேட்கும் கேள்விப் பட்டியலில், பாவனை விளையாட்டு விளையாடுகிறானா என்பதும் ஒன்று. இரண்டு வயது தாண்டியும் அப்படி எதுவுமே காணோம், விரல் நீட்டிக் காட்டுவதும் இல்லை, பேச்சும் வரவில்லை என்றால் ‘ஆம்பிளைப் பிள்ளை மெதுவாத்தான் பேசுவான்’ என்று இருந்துவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் அங்கன்வாடிகளுக்கு வரும் மருத்துவக் குழுவிடமும் காட்டலாம்.

ஆனால் இன்று எழுத வந்தது, நன்றாக விளையாடும் பிள்ளைகளைப் பற்றி.

சமைக்கிறவளுக்கு அது பொய்ச்சோறு என்று தெரியும். மூன்று, நான்கு வயதுக்குள் பிள்ளைகளுக்கு அந்தத் தெளிவு வந்துவிடுகிறது. இலையில் பரிமாறி, “ம்ம், நல்லா இருக்கு” என்று வாயை அசைத்துவிட்டுக் கீழே கொட்டிவிடுவார்கள். விருந்துக்கு உட்கார்ந்திருக்கும் ஒன்றரை வயதுத் தம்பிக்கு அது தெரியாது. அக்கா ஊட்டினால் அவன் வாயைத் திறப்பான். அக்கா கையால் வந்தது எதுவானாலும் அவனுக்கு உணவுதான். எங்களிடம் வரும் விதை, காய் விவகாரங்களில் திரும்பத் திரும்ப நான் பார்ப்பது இந்த ஜோடியைத்தான், ஆறு வயதில் ஒரு சமையற்காரியும் இரண்டு வயதில் ஒரு விருந்தாளியும்.

ரப்பர் தோட்டங்கள் நிறைந்த ஊர் ஒன்றிலிருந்து அப்படி ஒரு குடும்பம் வந்தது. பையன் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான், துவண்டுபோயிருந்தான். எதைத் தின்றான் என்று பெரியவர்கள் யாருக்கும் தெரியவில்லை. சோறு ஒத்துக்கொள்ளவில்லை என்றார் அப்பா. வெயில் என்றார் பாட்டா. வீட்டிலேயே ஒரு அடி வாங்கியிருந்த அக்கா சுவரோடு ஒட்டி நின்றாள். நாடித்துடிப்பு அந்த வயதுக்கு மிகவும் மெதுவாக இருந்தது. அந்தப் பெண்ணைப் பக்கத்தில் கூப்பிட்டு, இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்டேன். பாயசம் என்றாள். எப்படி வைத்தாய், எனக்கும் சொல்லித் தா என்றதும், மணல், தண்ணீர், செம்பருத்தி என்று வரிசையாகச் சொல்லி, கடைசியில், “முந்திரிப் பருப்புக்கு மஞ்சப்பூ மரத்துக் காயை உடைச்சுப் போட்டேன்” என்றாள். தம்பி எத்தனை தின்றான் என்பதையும் அவள்தான் சரியாகச் சொன்னாள். அது மஞ்சள் அரளி. அந்த ஒரு பதிலில் எங்கள் வேலை பாதி முடிந்தது. உடனே இசிஜி எடுத்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம். பையன் பிழைத்து வீடு திரும்பினான்.

அதனால் பெற்றோரிடம் நான் முதலில் கேட்டுக்கொள்வது இதுதான்: இப்படி ஏதாவது நடந்தால் மூத்த பிள்ளையை அடிக்காதீர்கள், அதட்டாதீர்கள். சமையல் குறிப்புக் கேட்பதுபோல் கேளுங்கள். அங்கே என்ன நடந்தது என்று அந்தப் பிள்ளைக்கு மட்டும்தான் தெரியும். பயந்துவிட்டால் வாயே திறக்காது.

இனி செடிகள். மஞ்சள் அரளியில் எல்லாப் பாகமும் விஷம், அதிலும் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு மிக மோசம். இதயத்தின் துடிப்பையே குலைத்துவிடும். பூ மாலைக்குப் பறிக்கும் செவ்வரளியும் அதே வகை விஷம்தான். 2024 மே மாதத்தில் திருவிதாங்கூர் தேவசம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ வேண்டாம் என்று முடிவெடுத்தது நினைவிருக்கும். தோவாளைச் சந்தையிலிருந்து கேரளக் கோயில்களுக்குப் பூ போகும் மாவட்டம் நம்முடையது, ஆகவே அந்தச் செய்தி இங்கே எல்லார் காதிலும் விழுந்தது. ஆனாலும் மதிலோரத்து அரளி அப்படியேதான் நிற்கிறது. காயல், வாய்க்கால் கரைகளில் நிற்கும் ஒதளமும் இதயத்தைத்தான் தாக்கும். அதன் காய் பார்க்கப் பச்சை மாங்காய் மாதிரியே இருக்கும். மாங்காய் என்று ஒரு பிள்ளை நினைத்தால் அதில் தவறே இல்லை.

காட்டாமணக்கு விதை ருசியாக இருக்கும், அதுதான் வில்லங்கம். கும்பலாகத் தின்றுவிட்டு வாந்தியும் வயிற்றுப்போக்குமாக வருவார்கள். பெரும்பாலும் நீர்ச்சத்து ஏற்றினால் தேறிவிடுவார்கள். ஆமணக்கு விதையைக் கடித்து மென்றால் அதைவிட ஆபத்து. குன்றிமணியை முழுசாக விழுங்கினால் கெட்டியான தோலோடு அப்படியே வெளியே வந்துவிடலாம், ஆனால் மென்றிருந்தாலோ மாலை கோக்கத் துளை போட்டதாக இருந்தாலோ கதை வேறு. அறிகுறி தெரிய ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். சதுர்த்திக்கு மண் பிள்ளையாருக்குக் கண் வைத்துவிட்டு மிச்சக் குன்றிமணியை அலமாரியில் போட்டுவைப்பவர்கள் கவனியுங்கள். முழுச் சிவப்பாக இருக்கும் மஞ்சாடி வேறு, கறுப்புப் பொட்டுள்ள குன்றிமணி வேறு. இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டுப் பல்லாங்குழி ஆடக் கொடுக்காதீர்கள். சின்னது வீட்டில் இருந்தால் மஞ்சாடிகூட மூக்குக்குள்ளோ மூச்சுக்குழாயிலோ போகும்.

குலசேகரம், அருமனைப் பக்கத்துக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. ரப்பர் பாலை டிஷ்ஷில் ஊற்றி உறையவைக்கும் ஆசிட், பார்வைக்குப் பச்சைத் தண்ணீர் போலவே இருக்கும். அது பார்மிக் அமிலம். வாய், உணவுக்குழாய் எல்லாவற்றையும் பொசுக்கிவிடும். அதைக் குடிநீர் பாட்டிலிலோ சோடா பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள், ஒரு நாளைக்குக்கூட வேண்டாம். ‘பாயசத்துக்குத் தண்ணீர்’ தேடும் பிள்ளை, ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலர் ஷெட்டுக்கும் வரும். பால் எடுத்த சிரட்டையும் அங்கே கிடைக்குமே. ஷெட்டுக்குக் கதவு வைத்துப் பூட்டுங்கள்.

பிள்ளை எதையோ தின்றுவிட்டால் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. உப்புத் தண்ணீர், புளிக்கரைசல், பச்சை முட்டை எதுவும் வேண்டாம். தொண்டைக்குள் விரல் விடவும் வேண்டாம். ஆசிட்டோ மண்ணெண்ணெயோ என்றால் வாந்தி இரண்டாவது தடவை காயப்படுத்தும். வாயில் மிச்சமிருப்பதைத் துடைத்தெடுங்கள், ஆசிட் பட்ட தோலை நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். தின்ற காய், இலை, பாட்டில் எதுவானாலும் கையோடு எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். 108 எல்லையின் இரண்டு பக்கமும் வேலை செய்யும். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனையோ, எது பக்கமோ அங்கே போங்கள். டெல்லி எய்ம்ஸின் விஷத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற எண்ணில் கேட்கலாம், ஆனால் அதற்காகப் புறப்படுவதைத் தள்ளிப்போட வேண்டாம். அரளி தின்ற பிள்ளை சிரித்து விளையாடினாலும் குறைந்தது ஒரு நாள் மருத்துவமனையில் இதயத்துடிப்பைக் கவனிக்க வேண்டும்.

இப்படி ஒன்று நடந்தபின் பல வீடுகளில் விளையாட்டையே நிறுத்திவிடுகிறார்கள். சிரட்டை குப்பைக்குப் போகிறது, பிள்ளை கையில் செல்போன் வருகிறது. அது எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டு முதல் ஐந்து வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2021-இல் தந்த வழிகாட்டல். வெட்ட வேண்டியது மதிலோரத்து அரளியைத்தான். அந்த இடத்தில் செம்பருத்தி, துளசி வையுங்கள். ஒரு சனிக்கிழமை பிள்ளைகளோடு சேர்ந்து முற்றத்தைச் சுற்றி வாருங்கள். எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று மரத்தைத் தொட்டுக் காட்டிச் சொல்லுங்கள். பிள்ளைகள் உங்களைவிட நன்றாக நினைவில் வைத்திருப்பார்கள்.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. விளையாட்டுச் சோற்றைப் பொம்மைக்கும் பெரியவர்களுக்கும் மட்டும்தான் பரிமாற வேண்டும், தம்பிக்குக் கிடையாது. அவனுக்கு வேறு பங்கு உண்டு. விருந்து தொடங்கும்போது சமையலறையில் இருந்து ஒரு வாழைப்பழமோ அவித்த மரச்சீனித் துண்டோ கிண்ணத்தில் வரும். அதை அக்கா தன் கையால் ஊட்டுவாள். மற்ற எல்லாருக்கும் மண்ணும் இலையும். இந்த ஏற்பாட்டில் அவளுக்குப் பெருமைதான், நிஜச் சாப்பாட்டைப் பரிமாறும் பொறுப்பு அவளிடம் அல்லவா இருக்கிறது!