வைரஸ் இல்லாத நீரில் வைரஸைத் தேடுவது எப்படி?

“பெரும்பாலான பரிசோதனைகளில் வைரஸ் சிக்கவில்லையாம். அப்புறம் எதை வைத்து வைரஸ் நோய் என்கிறார்கள்?” ஏ.எஃப்.எம். பற்றிப் படித்த வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான்.

ஏ.எஃப்.எம். (Acute Flaccid Myelitis) என்பது பெரும்பாலும் சிறு குழந்தைகளைத் தாக்கும் அரிய தண்டுவட நோய். முதலில் சாதாரணச் சளி, காய்ச்சல். சில நாள் கழித்து ஒரு கையோ காலோ துவண்டுவிடும்; முட்டிக்குக் கீழே தட்டினால் கால் உதறாது. எம்.ஆர்.ஐ. படத்தில் தண்டுவடத்தின் நடுவிலுள்ள சாம்பல் நிறப் பகுதி, குறிப்பாகத் தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் இருக்கும் முன்புறம், பளிச்சென்று தெரியும். போலியோ குறிவைக்கும் அதே இடம். மலத்தைச் சோதித்து, போலியோ இல்லை என்று உறுதி செய்துகொள்வார்கள்.

அமெரிக்காவில் 2014, 2016, 2018 என ஓராண்டு விட்டு ஓராண்டு இந்நோய் தலைதூக்கியது. சந்தேகம், சளி, காய்ச்சல் தரும் வைரஸ்களில் ஒன்றான என்டிரோவைரஸ் டி68 மேல் விழுந்தது. சில குழந்தைகளின் மூக்குச் சளியில் அது கிடைத்தது. மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் தண்டுவட நீரிலோ கிட்டத்தட்ட யாரிடமும் இல்லை. கை துவள்வதற்குள் வைரஸ் தன் காரியத்தை முடித்துக்கொண்டு போயிருக்கலாம். நரம்பணுக்களை விட்டு நீருக்குள் வராமலே இருந்திருக்கலாம்.

வைரஸ் போனாலும், அதை எதிர்க்க உடல் செய்த எதிர்ப்பொருள்கள் நீரில் தங்கியிருக்குமே? 2019-இல் சான் பிரான்சிஸ்கோவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குழு அவற்றைத்தான் தேடியது. அதற்குக் கையாண்ட வழி எனக்கு மிகவும் பிடித்த ஒன்று.

பாக்டீரியாவைத் தாக்கும் ‘ஃபேஜ்’ வைரஸ்களை எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு ஃபேஜின் மேலுறையிலும் ஏதோ ஒரு வைரஸ் புரதத்தின் சிறு துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அதே துண்டுக்கான டி.என்.ஏ. அதன் வயிற்றுக்குள் இருக்கும். தன் பெயரைத் தானே விழுங்கிய தூண்டில் புழு மாதிரி! மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வைரஸ்களிலிருந்து சுமார் 4,80,000 துண்டுகள். இந்தக் கூட்டத்தில் நோயாளியின் தண்டுவட நீரைக் கலந்தால், அதிலுள்ள எதிர்ப்பொருள்கள் தமக்குப் பழக்கமான துண்டுகளை மட்டும் கவ்வும். எதிர்ப்பொருள்களைக் காந்த மணிகளால் இழுத்து, மற்றவற்றைக் கழுவிவிட்டு, மிஞ்சிய ஃபேஜ்களின் டி.என்.ஏ.வைப் படித்தால் போதும்: எந்த வைரஸோடு சண்டை நடந்தது என்பது வெளியே வந்துவிடும். ‘இதுவாக இருக்குமோ’ என்று முன்கூட்டியே யூகிக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஏ.எஃப்.எம். வந்த 42 குழந்தைகளில் 69 சதவீதம் பேரிடம் என்டிரோவைரஸ் எதிர்ப்பொருள்கள் கிடைத்தன. வேறு நரம்பு நோயுள்ள 58 குழந்தைகளில் 7 சதவீதம் பேரிடம் மட்டுமே. என்டிரோவைரஸ் தொற்று எந்தக் குழந்தைக்கும் சகஜம் என்பதால், இந்த ஒப்பீடு இல்லாவிட்டால் முதல் எண்ணுக்கு மதிப்பே கிடையாது.

ஃபேஜ் மேல் புரதத்தை ஒட்டும் உத்தியை அமெரிக்க விஞ்ஞானி ஜார்ஜ் ஸ்மித் 1985-இல் வெளியிட்டார். 2018-இல் நோபல் பரிசு பெற்றார். குழந்தைகளின் கை, கால் துவளும் இந்நோய்க்கும் அவருடைய ஆய்வுக்கும் அன்று ஒரு தொடர்பும் இல்லை. ‘உடனடிப் பயன் என்ன?’ என்று கேட்டே ஆய்வு நிதியை வெட்டுபவர்கள் மேல் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான்.

ஒரு குறை உண்டு. என்டிரோவைரஸ் குடும்பத்தினரின் புரதங்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமானவை. அதனால் குடும்பப் பெயர் தெளிவாகத் தெரிந்தாலும், டி68-தானா என்பதை இந்த முறையால் எளிதில் பிரித்துச் சொல்ல முடியாது. அதற்கு, காய்ச்சல் தொடங்கிய முதல் சில நாட்களில் எடுத்த மூக்குச் சளிதான் இன்னும் கைகொடுக்கிறது.