நன்றிச் சொல் சான்றாகுமா?

காரைக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், கொட்டான் எனப்படும் பனையோலைக் கூடை முடையும் பயிற்சியின் நிறைவு நாளில், வந்திருந்த பெண்கள் அனைவரும் கருத்துப் படிவத்தில் "மிகவும் பயனுள்ளதாக இருந்தது" என்று எழுதிக் கையொப்பமிட்டிருந்தார்கள். ஆறு மாதம் கழித்து நான் போனபோது, அவர்களுள் ஒரு பெரியம்மா, வாசலில் காயவைத்திருந்த சாய ஓலையைப் புரட்டிவிட்டபடியே, "அவ்வளவு தூரம் வந்து சொல்லிக் குடுத்தீங்க, குறை எழுதினா உங்க மனசு கோணாதா தாயி? முடையத் தெரியுது, விக்கத்தான் வழி தெரியல" என்றார். அந்தப் படிவங்களை நம்பித்தான் நாங்கள் ஆண்டறிக்கை எழுதியிருந்தோம்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கேம்பிரிட்ஜ், சோமர்வில் ஆகிய ஊர்களில், சிறுவர்கள் குற்றவழியில் போகாமல் தடுக்க 1939இல் தொடங்கிய திட்டத்தைச் சமூகப் பணியாளர்கள் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். 506 சிறுவர்களை வயதிலும் குடும்பச் சூழலிலும் ஒத்த இணைகளாக்கி, நாணயம் சுண்டி, இணைக்கு ஒருவனுக்கு மட்டும் ஆலோசனை, பாட உதவி, மருத்துவம், கோடை முகாம் எனச் சராசரியாக ஐந்தாண்டுகள் ஆதரவளித்தார்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு குற்றவியல் ஆய்வாளர் ஜோன் மெக்கார்ட் அந்தச் சிறுவர்களைத் தேடிப்பிடித்து ஆராய்ந்தபோது, உதவி பெற்றவர்களில் பலர் அது தமக்கு நன்மை செய்ததாகவே சொன்னார்கள்; ஆனால் உதவி பெறாத இணைகளோடு ஒப்பிட்டபோது குற்றம் குறைந்திருக்கவில்லை, குடிப்பழக்கம், அகால மரணம் போன்ற சிலவற்றில் அவர்கள் நிலை இன்னும் மோசமாகவே இருந்தது. 1978இல் வெளியான அந்த முடிவை முதன்முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒப்பிட இணை இல்லாதிருந்தால், அந்த நன்றிச் சொற்களே வெற்றிக்குச் சான்றாக நின்றிருக்கும்.

செட்டிநாட்டில் கொட்டானுக்குக் கல்யாண மாதங்களில் கிராக்கி கூடும். பயிற்சிக்கு முன் ஆடியிலும் பயிற்சிக்குப் பின் தையிலும் வருமானத்தைக் கேட்டு எழுதினால், முகூர்த்தம் தந்த உயர்வை நாம் நம் கணக்கில் வரவு வைத்துக்கொள்வோம். ஆகவே இப்போது, பயிற்சி தொடங்குமுன் ஒருமுறையும் மறு ஆண்டு அதே மாதத்தில் ஒருமுறையும் கணக்கெடுக்கிறோம். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் ஊரார் முன்னிலையில் திருவுளச் சீட்டுப் போட்டு, சீட்டு விழாதவர்களுக்கு அடுத்த அணியில் இடம் உறுதி செய்துவிட்டு, அதுவரை அவர்களிடமும் அதே கேள்விகளைக் கேட்கிறோம். காத்திருப்பவர்களுக்கு இது வருத்தம்தான்; ஆனாலும் வேண்டியவர்களுக்கு முதலிடம் கொடுப்பதைவிட இது நியாயமானது என்றே கருதுகிறேன்.

கேட்கப் போகிறவர் பயிற்சி அளித்தவராக இருப்பதில்லை. "பயன் இருந்ததா" என்ற கேள்வியும் படிவத்தில் இல்லை. போன வாரம் எத்தனை கொட்டான் விற்றது, ஓலைக்கும் சாயத்துக்கும் போகக் கையில் எவ்வளவு நின்றது என்பவையே இருக்கின்றன.