லூப்பேக்கில் தேறிய இ1 இணைப்பு ஏன் ஃபேக்ஸில் தோற்றது?

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் அலுவலகத்தின் ரௌட்டரில் பிஆர்ஐ (PRI, ஒரே இ1 இணைப்பில் பல அழைப்புகளைச் சுமக்கும் டிஜிட்டல் சேவை) தொலைபேசி இணைப்பை அமைத்துக் கொடுத்தேன். மூன்று வாரங்கள் கழித்து, ஃபேக்ஸ் பாதிப் பக்கத்தோடு நின்றுவிடுகிறது என்று புகார் வந்தது. பேச்சில் குறையில்லை; ரௌட்டரில் அலாரம் இல்லை; அழைப்புகளைத் தொடங்கி முடிக்கும் செய்திகள் செல்லும் சிக்னலிங் சேனலும் அறுபடவில்லை. ஃபேக்ஸ் இயந்திரத்தையே மாற்றிப் பார்த்தார்கள், பயனில்லை. கடைசியில், ரௌட்டரில் இந்த இணைப்பை இயக்கும் கன்ட்ரோலரின் 15 நிமிடக் கணக்குகளைத் திறந்து பார்த்தபோது ஒவ்வொரு கட்டத்திலும் 'ஸ்லிப்' எனும் கிளாக் பிழையின் எண்ணிக்கை ஏறியிருந்தது. தவறு என்னுடையது: நிறுவும் நாளில் சோதனைக்காக வைத்த ஒரு கட்டளையை நான் திரும்ப மாற்றவில்லை.

இ1 என்பது வினாடிக்கு 20,48,000 பிட்டுகளைச் சுமக்கும் இணைப்பு. அதில் டைம்ஸ்லாட் எனப்படும் 32 நேரப் பங்குகள் உண்டு. இந்த 32-உம் ஒரு சுற்று வருவது ஒரு ஃபிரேம்; வினாடிக்கு 8,000 ஃபிரேம்கள் செல்கின்றன. ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒரு டைம்ஸ்லாட்டுக்கு 8 பிட். 0ஆம் டைம்ஸ்லாட் ஃபிரேமின் தொடக்கத்தை அடையாளம் காட்டுவதற்கும், பிஆர்ஐ-யில் 16ஆவது சிக்னலிங்குக்கும் போக, எஞ்சிய 30 அழைப்புகளுக்கு. இவ்வளவும் ஒழுங்காக நடக்க வேண்டுமானால் இரு முனைகளும் ஒரே கிளாக்கை, அதாவது பிட்டுகளின் வேகத்தை நிர்ணயிக்கும் நேரத் துடிப்பை, பின்பற்ற வேண்டும். தொலைபேசி நிறுவனத்தின் கிளாக்கை ரௌட்டர் லைனிலிருந்து எடுத்துக்கொள்வதே வழக்கம். ரௌட்டர் தன் சொந்தக் கிளாக்கில் ஓடி, அது நிறுவனத்தின் கிளாக்கிலிருந்து பத்து லட்சத்தில் 20 பங்கு மட்டுமே விலகியிருந்தாலும், ஏறத்தாழ ஆறு வினாடிக்கு ஒரு முறை முழு ஃபிரேம் ஒன்று தொலைந்துபோகும் அல்லது இரு முறை வரும். இதைத்தான் ஸ்லிப் என்கிறோம்.

பேசுபவர் காதில் அது சிறு 'டிக்' ஒலியாகக் கடந்துவிடும். சிக்னலிங் சேனல் பழுதான செய்தியைத் தானே மறுபடி அனுப்பிக்கொள்ளும். ஆகவே இணைப்பு விழாது. ஆனால் ஒரு பக்கம் போய்ச் சேர ஒரு நிமிடம் எடுக்கும் ஃபேக்ஸுக்குள் பத்து ஸ்லிப்புகள் விழுந்தால் அது தாங்காது. ஒப்பிட்டுப் பாருங்கள்: தனித்தனி முதன்மைக் கிளாக்குகளைக் கொண்ட இரு நிறுவனங்களின் வலையமைப்புகள், சர்வதேசத் தரத்துக்கு உட்பட்டு இயங்கினால், தங்களுக்குள் ஏறக்குறைய 72 நாளுக்கு ஒரு ஸ்லிப்தான் நேரும்.

நிறுவிய நாளில் இது ஏன் தெரியவில்லை? போர்ட் அனுப்புவதை அதற்கே திருப்பித் தரும் லூப்பேக் பிளக்கைச் செருகினால் வெளியிலிருந்து கிளாக் வராது; அதனால் கிளாக்கை 'இன்டர்னல்' (ரௌட்டரின் சொந்தக் கிளாக்) என்று மாற்றித்தான் சோதிக்க வேண்டும். நான் திரும்ப மாற்றாமல் விட்டது இந்தக் கட்டளையைத்தான். ஆனால் அப்போது அனுப்புவதும் பெறுவதும் ஒரே கிளாக்கில் நடப்பதால், ஸ்லிப் வர வழியே இல்லை. லூப்பேக் கேபிளையும் போர்ட்டையும் நிரூபிக்கும்; கிளாக்கைப் பற்றி ஒன்றும் சொல்லாது. இந்த வேறுபாட்டைப் புதிதாகத் துறைக்கு வருபவர்களிடம் நான் முதல் நாளிலேயே சொல்லிவிடுகிறேன்.

கிளாக்கை லைனிலிருந்து எடுக்கச் சொல்லும் 'கிளாக் சோர்ஸ் லைன்' கட்டளையைக் கன்ட்ரோலரில் எழுதினாலே போதும் என்றும் நினைக்கக் கூடாது. சிஸ்கோ 2800, 3800 போன்ற குரல் ரௌட்டர்களில், இ1 கார்டு பெறும் கிளாக்கை ரௌட்டரின் உள் அமைப்பும் ஏற்றுக்கொள்ளும்படி 'நெட்வொர்க் கிளாக் பார்ட்டிசிபேட்' கட்டளையையும் தர வேண்டும். இதை விட்டுவிட்டு வாரக்கணக்கில் கேபிளை மாற்றிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஃபிரேமிங்கை, அதாவது ஃபிரேம்களை அமைக்கும் முறையை, தொலைபேசி நிறுவனத்தாரிடம் கேட்டு அறிந்துகொண்ட பின்பே எழுத வேண்டும். அவர்கள் தந்தால், பிழை கண்டறியும் சரிபார்ப்பு பிட்டுகளைக் கொண்ட சிஆர்சி4 (CRC4) முறையையே வைத்துக்கொள்ளுங்கள்: வினாடிக்கு 1,000 தொகுதிகளைச் சரிபார்த்து, சேவையை நிறுத்தாமலேயே பிழையைக் காட்டிக்கொடுக்கும். சிஆர்சி பிழை பூச்சியமாக இருந்து ஸ்லிப் மட்டும் ஏறினால், கேபிளைத் தொட வேண்டாம், கிளாக்கைப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து ஏறினால் இணைப்பான்களையும், 75 ஓம் கோஆக்ஸியலும் 120 ஓம் முறுக்குக் கம்பியும் இடையில் பேலன் (இரு வகைக் கம்பிகளையும் பொருத்தும் சிறு மாற்றி) இல்லாமல் இணைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

இப்போது நான் லூப்பை எடுத்து, கிளாக்கை லைனுக்கு மாற்றி, கவுன்ட்டர்களைத் துடைத்த பிறகு, உண்மையான அழைப்புகள் ஓடும் ஒரு முழு நாளுக்குக் காத்திருக்கிறேன். 15 நிமிடக் கட்டங்கள் 96-லும் ஸ்லிப் பூச்சியம் என்று கண்ட பின்பே ஒப்படைப்புத் தாளில் கையெழுத்து வாங்குகிறேன்.