எர்த் ரிட்டர்ன்: தமிழில் என்ன சொல்வது?

நியூட்ரல் (மின்னோட்டம் திரும்பிப் போகும் கம்பி) அறுந்துபோன வீட்டில் ஒரு இரும்புக் கம்பியை மண்ணில் அடித்து, அதிலிருந்து ஒயர் இழுத்து பல்பை எரியவிடுவதை ஊர்ப்பக்கம் பார்த்திருப்பீர்கள். வெளிச்சம் மங்கினால் கம்பியடியில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றுவார்கள், பல்பு கொஞ்சம் தெளியும். மின்னோட்டம் கம்பிக்குப் பதிலாக மண் வழியே திரும்புகிறது, அதுதான் எர்த் ரிட்டர்ன். (நீங்கள் செய்து பார்க்க வேண்டாம், அந்தக் கம்பியைத் தொட்டால் ஆளே போய்விடலாம்.)

எர்த் என்பது பிரிட்டிஷ்காரர்கள் வழக்கு, அமெரிக்கர்கள் கிரவுண்ட் என்பார்கள். நம் வயர்மேன்கள் பேஸ், நியூட்ரல், எர்த் என்று மூன்றையும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பாடநூலில் புவி இணைப்பு, இலங்கையில் புவித்தொடுப்பு. நல்ல சொற்கள்தான், ஆனால் இவை குறிப்பது பாதுகாப்புக்குப் போடும் எர்த்தை. எல்லாம் சரியாக இருக்கும்வரை அதில் மின்னோட்டம் ஓடக் கூடாது. எர்த் ரிட்டர்னிலோ எந்நேரமும் ஓடியாக வேண்டும், ஓடாவிட்டால் வேலையே நடக்காது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் குழப்பம்தான்.

எர்த் ரிட்டர்னைக் கண்டது ஜெர்மனியின் இயற்பியலாளர் ஸ்டைன்ஹைல், 1838-ல். நியூரெம்பர்க்–ஃபூர்ட் ரயில் பாதையின் இரண்டு தண்டவாளங்களையே தந்திக்கு இரண்டு கம்பிகளாகப் பயன்படுத்தப் பார்த்தார். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மண் வழியாகவே மின்சாரம் கசிந்துவிட்டது. சரி, மண் இவ்வளவு நன்றாகக் கடத்துகிறதென்றால் இரண்டாவது கம்பி எதற்கு என்று யோசித்தார். இரு முனையிலும் உலோகத் தகட்டைப் புதைத்தார், கம்பிச் செலவு பாதியானது. மண்ணுக்குள் இறங்கியபின் மின்னோட்டத்துக்குப் பரந்த இடம் கிடைத்துவிடும், தடை பெரும்பாலும் தகட்டை ஒட்டிய மண்ணில்தான், அந்த மண் நனைந்தால் தடை குறையும். மேலே சொன்ன குடம் தண்ணீர் ஏன் வேலை செய்தது என்பது இப்போது புரியும்.

ஆரம்பகாலத் தொலைபேசியும் ஒற்றைக் கம்பியில்தான் ஓடியது. அப்புறம் நகரங்களில் மின்சார டிராம் வந்தது, அதன் மின்னோட்டமும் தண்டவாளம், மண் என்றே திரும்பியதால் பேச்சுக்கு நடுவே ஒரே இரைச்சல். இரட்டைக் கம்பிக்கு மாறிய பிறகுதான் காது பிழைத்தது.

இனி தமிழ்ச் சொல். ‘புவி மீட்சி’ என்றால் பூமியை யாரோ காப்பாற்றியது போலிருக்கிறது. ‘புவித் திரும்பல்’ என்றால் பூமியே திரும்புகிறது. இங்கே திரும்புவது மின்னோட்டம், நிலம் வெறும் வழி. அதனால் என் ஓட்டு ‘நில மீள்வழி’க்கு. இரட்டைக் கம்பி என்றால் ‘கம்பி மீள்வழி’, தண்டவாளம் வழியே என்றால் ‘தண்டவாள மீள்வழி’ என்று நீட்டவும் வசதி. ஆஸ்திரேலியாவின் ஒதுக்குப்புறப் பண்ணைகளுக்கு இன்றும் 19.1 கிலோவோல்ட்டில் ஒரே கம்பியில் மின்சாரம் போகிறதே, அதையும் ‘ஒற்றைக்கம்பி நில மீள்வழி’ என்று முடித்துவிடலாம்.