நகர ஊழியர் ஒப்பந்தம் நீட்டிக்கப்படும்போது எதெல்லாம் நீளாது?

ஒரு நகர நிர்வாகத்துக்கும் அதன் ஊழியர் சங்கத்துக்கும் இடையிலான ஊதிய ஒப்பந்தம் நூறு பக்கத்தைத் தாண்டுவது அரிதன்று; அதை நீட்டிக்கும் கடிதமோ பெரும்பாலும் ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துவிடும். நூறு பக்கத்துக்காக மாதக்கணக்கில் வரிக்கு வரி வாதாடியவர்களே இந்த ஒன்றரைப் பக்கத்தை, "பழையதுதானே தொடர்கிறது" என்று சொல்லிப் பத்து நிமிடத்தில் கையெழுத்திட்டுவிடுகிறார்கள். தொழிலாளர் சட்ட ஆலோசகராக நான் கையாண்ட தகராறுகளில் கணிசமானவை அந்தப் பத்து நிமிடத்தில் பிறந்தவை.

நீட்டிப்பு கேட்பதற்குக் காரணங்கள் எப்போதும் உண்டு: பேச்சுவார்த்தை முடியவில்லை, வரவு செலவுத் திட்டம் தெளிவாகவில்லை, நகர மன்றத் தேர்தல் நெருங்குகிறது. அவை பெரும்பாலும் நியாயமான காரணங்களே. ஆனால் நீட்டிப்பைக் கேட்பவரும் கொடுப்பவரும் முதலில் விடை காண வேண்டிய கேள்வி வேறு: நீட்டிக்காமல் விட்டால் என்ன ஆகும்? அதற்கு விடை தெரியாமல் அந்தக் கடிதத்துக்கு என்ன மதிப்பு என்பதைக் கணக்கிடவே முடியாது.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். அங்கே தனியார் துறைக்கான 1935ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம் மாநில அரசுகளையும் அவற்றின் கீழுள்ள நகரங்களையும் தன் வரம்பிலிருந்து விலக்கிவிட்டது. ஆகவே நகர ஊழியர்களின் கூட்டுப் பேர உரிமையை, அதாவது சங்கத்தின் மூலம் பேசி ஒப்பந்தம் செய்துகொள்ளும் உரிமையை, அந்தந்த மாநிலச் சட்டமே தீர்மானிக்கிறது. நியூயார்க் மாநிலத்தில் 1967ஆம் ஆண்டின் டெய்லர் சட்டம் அரசு ஊழியர் வேலைநிறுத்தத்தைத் தடை செய்தது. டிரைபரோ திருத்தம் என்று அழைக்கப்படும் 1982ஆம் ஆண்டுத் திருத்தமோ, ஒப்பந்தம் காலாவதியான பிறகும் புதியது கையெழுத்தாகும் வரை பழைய நிபந்தனைகள் அனைத்தையும் நிர்வாகம் தொடர வேண்டும் என்றது. ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாவிட்டால், பணிக்கால அடிப்படையிலான படிநிலை ஊதிய உயர்வும் அந்த இடைக்காலத்தில் நிற்பதில்லை. மிச்சிகன் மாநிலம் நேர் எதிர்த் திசையில் சென்றது. அங்கே 2011இல் இயற்றப்பட்ட 54ஆம் எண் சட்டப்படி, காலாவதி நாளன்று இருந்த ஊதியம் அப்படியே உறைந்துவிடும். படிநிலை உயர்வு கிடையாது. மருத்துவக் காப்பீட்டின் கட்டண உயர்வை ஊழியரே சுமக்க வேண்டும். பிறகு ஒப்பந்தம் ஏற்பட்டாலும் அந்த உயர்வை முன்தேதியிட்டு வழங்க முடியாது. அந்த முடக்கத்தைச் சட்டமன்றம் 2023இல்தான் நீக்கியது. அந்த ஆண்டுகளில் மிச்சிகனின் ஒரு நகரத்தில் ஒரு சங்கம் பெற்ற நீட்டிப்பு அதன் உறுப்பினர்களை உறைநிலையிலிருந்து காத்தது. அதே வாசகங்கள் கொண்ட கடிதம் நியூயார்க்கில், சட்டம் ஏற்கெனவே தந்ததையே பெரும்பாலும் திரும்பச் சொல்லியிருக்கும். அதற்காகச் சங்கம் எதையேனும் விட்டுக்கொடுத்திருந்தால் அது நட்டக் கணக்கு.

விஸ்கான்சின் மாநிலத்தின் அனுபவம் இன்னும் கூர்மையானது. 2011 மார்ச்சில் ஆளுநர் ஸ்காட் வாக்கர் கையெழுத்திட்ட 10ஆம் எண் சட்டம், காவல், தீயணைப்புப் பிரிவினர் நீங்கலாகப் பெரும்பாலான உள்ளாட்சி ஊழியர்களின் பேர உரிமையை அடிப்படை ஊதியம் ஒன்றோடு நிறுத்தியது. விலைவாசிக் குறியீட்டைத் தாண்டிய உயர்வுக்கு அந்தப் பகுதி வாக்காளர்களிடம் வாக்கெடுப்பு தேவை என்றது. ஒப்பந்தம் ஓராண்டுக்கு மேல் கூடாது, நீட்டிக்கவும் கூடாது என்றது. ஏற்கெனவே நடப்பில் இருந்த ஒப்பந்தங்களுக்கு அந்தச் சட்டம் எப்போது பொருந்தத் தொடங்கும் என்ற விதிதான் இங்கே கவனிக்கத்தக்கது: ஒப்பந்தம் காலாவதியாகும் நாள், அல்லது அது முடித்துவைக்கப்படும், நீட்டிக்கப்படும், திருத்தப்படும், புதுப்பிக்கப்படும் நாள், இவற்றில் எது முந்தியதோ அது. சட்டம் ஜூன் இறுதியில் நடைமுறைக்கு வருமுன் பல நகரங்களும் பள்ளி வாரியங்களும் அவசர அவசரமாக நீட்டிப்பில் கையெழுத்திட்டதன் காரணம் இதுவே. நடைமுறைக்கு வந்த பிறகு, இருதரப்பும் நல்லெண்ணத்தோடு செய்யும் ஒரு சிறு திருத்தம்கூடப் பழைய ஒப்பந்தத்தின் பாதுகாப்பை இழக்கச் செய்யும் செயலாக மாறிவிட்டது. சட்ட மாற்றம் நடைபெறும் காலத்தில் நீட்டிப்புக் கடிதம் எழுதுகிறவர் நாட்காட்டியை அருகில் வைத்துக்கொண்டு எழுத வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இந்தியச் சட்டத்திலும் இந்தக் கேள்வி புதியதல்ல. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம், தன் 19(2) பிரிவின் மூலம், உடன்பாட்டின் காலம் முடிந்தாலும் ஒரு தரப்பு அதை முடித்துக்கொள்வதாக எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்து இரண்டு மாதம் கடக்கும் வரை அது இருதரப்பையும் கட்டும் என்றது. ஆயுள் காப்பீட்டுக் கழக ஊழியர்களின் போனஸ் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1980இல் அளித்த தீர்ப்பு, அந்த அறிவிப்புக்குப் பிறகும், வேறொரு உடன்பாடோ தீர்ப்போ சட்டமோ அதன் இடத்துக்கு வரும் வரை பழைய உடன்பாட்டின் நிபந்தனைகளே தொடரும் என்று விளக்கியது.

இனி, கடிதத்துக்குள் வருவோம். "மேற்படி ஒப்பந்தம் ஓராண்டுக்கு நீட்டிக்கப்படுகிறது" என்ற ஒற்றை வரியைச் சங்க உறுப்பினர் படிக்கும்போது, மூன்று ஆண்டுகளாக ஜூலைதோறும் கிடைத்த உயர்வு நான்காவது ஜூலையிலும் கிடைக்கும் என்றே எண்ணுகிறார். ஒப்பந்தத்தில் மூன்று ஆண்டுகளின் பெயரைச் சொல்லி மூன்று உயர்வுகள் எழுதப்பட்டிருந்தால், நான்காவது உயர்வு என்று ஒன்று எங்கேயும் இல்லை. நீண்டது காலம் மட்டுமே. சீருடைப் படி, ஈட்டிய விடுப்பைப் பணமாக்கும் கெடு, காப்பீட்டுப் பங்களிப்புக்கான உச்சவரம்பு ஆகியவை குறிப்பிட்ட தேதியோடு எழுதப்பட்டிருந்தால் அவற்றின் கதியும் இதேதான். ஒப்பந்தத்தை எடுத்து, அதில் வரும் ஒவ்வொரு ஆண்டையும் தேதியையும் கோடிட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் நீளுமா, நின்றுவிடுமா என்று குறிக்கச் சொல்வது என் வழக்கம். அரை நாள் வேலை அது. செய்ய யாரும் விரும்புவதில்லை.

இதைவிட அதிகம் தவறவிடப்படுவது துணை உடன்பாடுகள். ஒப்பந்த காலத்தின் நடுவில் ஏதேனும் ஒரு பிரச்சினைக்காக இருதரப்பும் தனித்தாளில் எழுதிக்கொள்பவை இவை. என்னிடம் வந்த ஒரு வழக்கில், ஒரு நகரத்தின் குடிநீர்ப் பிரிவு ஊழியர்களுக்கான இரவுப் பணிப் படி இப்படியொரு தாளில்தான் இருந்தது. நீட்டிப்புக் கடிதம் மூல ஒப்பந்தத்தின் தேதியை மட்டும் குறிப்பிட்டது. துணைத் தாளிலோ அதற்கென்று தனி முடிவு தேதி இருந்தது. முதல் மாதமே படி நின்றது. நிர்வாகத்தில் யாரும் வேண்டுமென்று செய்ததாக நான் நினைக்கவில்லை. கடிதத்தில் இல்லாததைக் கணக்குப் பிரிவு கொடுக்கவில்லை, அவ்வளவே. "இதுவரை செய்துகொண்ட எல்லாத் துணை உடன்பாடுகள் உட்பட" என்ற சில சொற்கள் இருந்திருந்தால், பிறகு நடந்த எட்டு மாத வாதம் தேவைப்பட்டிருக்காது.

இடைவெளி நாட்கள் மற்றொரு பொறி. ஒப்பந்தம் ஜூன் 30இல் முடிந்து, நீட்டிப்பு ஆகஸ்ட் 20இல் கையெழுத்தானால், நடுவிலுள்ள ஏழு வாரங்கள் யாருடையவை? அந்த நாட்களில் ஓர் ஊழியர் பணிநீக்கம் செய்யப்பட்டால் அது நடுவர் தீர்ப்புக்குப் போக முடியுமா? அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991இல் லிட்டன் வழக்கில், காலாவதிக்குப் பின் எழும் தகராறுகளுக்கு நடுவர் ஷரத்து தானாகப் பொருந்திவிடாது என்றது. அது தனியார் துறை வழக்கு. ஆயினும் அரசுத் துறைத் தகராறுகளிலும் நிர்வாகத் தரப்பு இத்தகைய வாதத்தை எடுக்கும். "ஜூலை 1 முதல் இடைவெளியின்றி" என்று கடிதத்தில் எழுதிவிடுவது எளிது.

பணத்தைப் பொறுத்தவரை எல்லாம் ஒரு தேதியில் அடங்குகிறது: புதிய ஒப்பந்தத்தின் உயர்வு எந்த நாளிலிருந்து? ஆண்டுக்கு 3 சதவீத உயர்வு முடிவாகி, அது பழைய ஒப்பந்தம் முடிந்த நாளிலிருந்து அல்லாமல், எட்டு மாதம் கழித்துக் கையெழுத்தான நாளிலிருந்து நடைமுறைக்கு வந்தால், ஊழியர் இழப்பது ஆண்டு ஊதியத்தில் 2 சதவீதம். முன்தேதியிட்டு வழங்குவதற்கான உறுதி நீட்டிப்புக் கடிதத்திலேயே இருந்தால் இழுத்தடிப்பதால் நிர்வாகத்துக்கு லாபம் இல்லை. இதில் நிர்வாகத்தின் பக்கமும் உண்டு: நிலுவை மாதந்தோறும் வளர்கிறது, அதற்கெனத் தொகை ஒதுக்கி வைக்காத நகரம் ஒரே ஆண்டில் மொத்தச் சுமையையும் தாங்க நேரிடும். நிதி அலுவலர் முன்தேதி ஷரத்தைக் கண்டு அஞ்சுவது இதனால்தான், அந்த அச்சம் பொய்யல்ல. எனினும், அதற்குத் தீர்வு ஒதுக்கீடு செய்வதே தவிர, ஷரத்தை நீக்குவதன்று என்பது என் கருத்து.

நீட்டிப்போடு வேலைநிறுத்தம் செய்யாமைக்கான உறுதியும் நீள்கிறது என்பதைச் சங்கங்கள் மறந்துவிடுகின்றன. வேலைநிறுத்த உரிமை உள்ள இடங்களில், அமைதி என்பது நிர்வாகம் நீட்டிப்பின் மூலம் வாங்கும் பொருள். அதற்கு ஒரு விலை கேட்பதில் தவறில்லை.

கையெழுத்து யாருடையது என்பதையும் பார்க்க வேண்டும். நிர்வாக அதிகாரியும் சங்கத் தலைவரும் கைகுலுக்கிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். மூல ஒப்பந்தத்துக்கு நகர மன்றத் தீர்மானமும் உறுப்பினர் வாக்கெடுப்பும் தேவைப்பட்டிருந்தால், நீட்டிப்புக்கும் அவை தேவையா என்பதை அந்த இடத்தின் சட்டத்திலும் சங்க விதிகளிலும் சரிபார்த்துவிட வேண்டும். ஐயம் இருந்தால் இரண்டையும் நடத்திவிடுவதே பாதுகாப்பு. தேர்தலுக்குப் பின் வரும் புதிய மன்றம் முதலில் தேடிப் பார்ப்பது இந்தத் தீர்மானத்தைத்தான்.

எல்லாம் முடிந்தபின் கடிதத்தின் ஒரு பிரதி சம்பளப் பிரிவுக்குப் போக வேண்டும். அங்குள்ள மென்பொருளில் ஒப்பந்தத்தின் பழைய முடிவு தேதி பதிவாகியிருக்கும்; அதை யாராவது மாற்றியாக வேண்டும். நீட்டிப்புக்குப் பிந்திய முதல் சம்பளச் சீட்டை, முந்திய மாதத்துச் சீட்டோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்கும்படி என்னிடம் வருகிற ஒவ்வொரு சங்கத்துக்கும் சொல்கிறேன். குடிநீர்ப் பிரிவின் இரவுப் பணிப் படி நின்றுபோனதை முதலில் கண்டவரும் அப்படிப் பழைய சீட்டைக் கையில் வைத்திருந்த ஓர் ஊழியர்தான்.