அமைப்புசாரா தொழிலாளர்: சொல்லும் பொருளும்

காசிமேட்டில் ஐஸ் உடைப்பவரிடம் "நீங்க அமைப்புசாரா தொழிலாளரா?" என்று கேட்டால் முழிப்பார். "நல வாரியத்துல கார்டு போட்டுட்டீங்களா?" என்று கேட்டால் உடனே பதில் வரும். அரசுத் தாளில் மட்டும் வாழும் சொல் இது.

'சார்தல்' என்றால் ஒன்றைப் பற்றி நிற்றல், சேர்ந்திருத்தல். 'சாராத' என்பது ஈறு கெட்டு 'சாரா' ஆகும். அரசுசாரா, கட்சிசாரா எல்லாம் இதே வார்ப்பு. ஆக, எந்த அமைப்பையும் சேராதவர் என்று பொருள். இந்திய அரசு வழங்கிவந்த 'அன்ஆர்கனைஸ்டு' என்ற ஆங்கிலச் சொல்லின் நேர்பெயர்ப்பு. 2008ல் வந்த மத்திய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் பெயரிலும் அதுவே இருந்தது.

உலகம் சொல்லும் 'இன்ஃபார்மல்' வேறு. கானாவின் அக்ரா நகரத்துச் சில்லறைப் பிழைப்புகளை ஆராய்ந்த மானிடவியலாளர் கீத் ஹார்ட் 1971ல் முன்வைத்தது; பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1972 கென்யா அறிக்கை வழியே பரவியது. அதற்குத் தமிழ் 'முறைசாரா'. முறைசாராக் கல்வி என்று நமக்கு ஏற்கெனவே பழகிய சொல்தான்.

எனக்குப் பிணக்கு 'அமைப்புசாரா'வோடுதான். 1918ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த பெரம்பூரை வைத்துக்கொண்டிருக்கும் வடசென்னையில், அமைப்பு இல்லாத ஆளைக் காட்டுங்கள் பார்ப்போம்! மீனவருக்கு ஊர்ப் பஞ்சாயத்து, ஆட்டோக்காரருக்கு ஸ்டாண்டு சங்கம், மீன் விற்கும் அக்காக்களுக்குச் சீட்டு.

அந்தச் சீட்டையே எடுத்துக்கொள்வோம். 20 பேர், மாதம் ஆயிரம், 20 மாதம். மொத்தம் 20,000 ரூபாய். மகள் பிரசவத்துக்குப் பணம் வேண்டும் என்பவர் 4,000 தள்ளி ஏலம் எடுக்கிறார். நடத்துபவரின் கமிஷனை விட்டுவிட்டால், கையில் 16,000. தள்ளிய 4,000 எல்லோருக்கும் பிரிந்து ஆளுக்கு 200 கழிவு, அந்த மாதம் 800 கட்டினால் போதும். சாவுச் செலவு என்றால் போட்டிக்கு நிற்காமல் மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வதும் உண்டு. கடன், சேமிப்பு, காப்பீடு மூன்றும் ஒரே நோட்டுப் புத்தகத்தில்! சீட்டு நடத்தியவர் ராத்திரியோடு ராத்திரியாக வீட்டைக் காலி செய்த கதையும் ஊரில் இல்லாமல் இல்லை.

ஆனால் சீட்டின் பெரிய ஓட்டை வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படிந்தபோது, ஒருவர் இருவர் அல்ல, மொத்த மீனவரும் வலையைச் சுருட்டி வைத்தார்கள். எல்லோருக்கும் ஒரே நாளில் வருமானம் நின்றால் யார் பணத்தை யாருக்குக் கொடுப்பது? ஓய்வூதியத்துக்கும் சீட்டில் வழியில்லை. வெளியிலிருந்து ஒரு கை வேண்டும்.

அந்தக் கை எப்படி வர வேண்டும் என்பதற்கு மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டம் நல்ல மாதிரி. மீனவர் 1,500 ரூபாய் கட்டுகிறார். மத்திய, மாநில அரசுகள் 3,000 சேர்க்கின்றன. மீன்பாடு குறைந்த மாதங்களில் 4,500 ஆகத் திரும்புகிறது. பழகிய சீட்டில் அரசும் ஓர் ஆளாகச் சேர்ந்த மாதிரி. கட்டடத் தொழிலாளர் கதையும் இப்படித்தான்: சங்கம் கட்டிப் போராடியதால் 1982ல் தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது, 1994ல் நல வாரியம் அமைந்தது. வேடிக்கை என்னவென்றால், மத்திய அரசின் சீட்டு நிதிச் சட்டமும் அதே 1982தான். ஒன்று தொழிலாளர் துறைக்கு, மற்றொன்று பதிவுத் துறைக்கு என்று போய்விட்டதால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை போலும்.

சரி, எதை எழுதுவது? பொதுவாகப் பேசும்போது 'முறைசாராத் தொழிலாளர்' என்பதே என் தேர்வு. இங்கே முறை என்பது சட்டமுறை, அதாவது வேலை ஆணை, பி.எஃப்., இ.எஸ்.ஐ. போன்றவை. சட்டம், வாரியம் ஆகியவற்றின் பெயராக வரும்போது 'அமைப்புசாரா'வை மாற்ற வேண்டாம். அப்புறம், இலக்கணப்படி நடுவில் 'த்' மிகும். 'அமைப்புசாராத் தொழிலாளர்' என்பதே சரி. வாரியத்தின் பெயரில் அந்த 'த்'தைப் பெரும்பாலும் பார்க்க முடியாது. விண்ணப்பம் நிரப்புகிறவர்கள் வாரியம் எழுதியபடியே எழுதிவிடுங்கள்.