நடுநிலையாக்கலா, தொற்றுமுடக்கலா?

மட்டக்களப்பில் சாதாரண தர விஞ்ஞானம் கற்கும் மாணவர், ‘நடுநிலையாக்கல்’ என்றதும் அமிலமும் மூலமும் தாக்கமுற்று உப்பும் நீரும் உண்டாவதையே நினைப்பார். அவரே பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலும்போது, அதே சொல்லை, நோயெதிர்ப்பை ஆராயும் நிர்ப்பீடனவியலில் மீண்டும் காண்கிறார். அங்கே உப்புமில்லை, நீருமில்லை.

இதன் ஆங்கில வடிவமான ‘நியூட்ரலைசேசன்’ என்னும் சொல்லின் வேர் இலத்தீன். ‘நியூட்டர்’ என்றால் ‘இரண்டில் எதுவுமன்று’ என்று பொருள்; அமிலமுமல்லாத மூலமுமல்லாத நிலைக்கு இரசாயனவியல் அதை எடுத்தாண்டது. 1890இல் பேரிங், கிற்றசாற்றோ என்னும் மருத்துவ ஆய்வாளர்கள், ஏற்புவலி (தெற்றனசு) நஞ்சை அடக்கும் பொருளொன்று நிர்ப்பீடனம் பெற்ற விலங்கின் குருதியில் இருப்பதைக் காட்டினர். நஞ்சும் எதிர்நஞ்சும் அமிலமும் மூலமும் போல் அளவுக்கு அளவு சேர்ந்து தீர்கின்றன என்று அக்காலத்தவர் ஒப்பிட்டுப் பேசியதால், இரசாயனச் சொல் மருத்துவத்திலும் நிலைத்துவிட்டது.

வைரசைப் பொறுத்தவரை, நோயை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதமான பிறபொருளெதிரி வைரசின் மேற்பரப்புப் புரதத்தைப் பற்றிப் பிடித்து, அது கலத்தினுள் புகுந்து தொற்றாதபடி தடுப்பதே இச்சொல்லின் பொருள். பற்றும் பிறபொருளெதிரிகள் எல்லாம் இதைச் செய்வதில்லை. ஆகவே இது பிறபொருளெதிரிக்கு மட்டும் உரிய குணமன்று; வைரசின் எந்தத் திரிபு (உள்வகை), எந்தக் கலம் என்பவற்றையும் சேர்த்தே சொல்ல வேண்டியது. இதைச் சைற்றோமெகலோ வைரசு அளவுக்கு உணர்த்தும் நோய்க்கிருமிகள் குறைவு. (தொற்றிய கலம் பெருப்பதால் வந்த பெயர் அது. ‘கலப்பெருக்கி’ என்று மொழிபெயர்த்தால் கலங்களின் எண்ணிக்கையைப் பெருக்குவது என்று பிழைபட விளங்கும், ஒலிபெயர்ப்பே நன்று.)

கருவிலுள்ள சிசுவைத் தொற்றிச் செவிப்புலனைப் பாதிக்கக்கூடிய இவ்வைரசின் டி.என்.ஏ. ஏறக்குறைய 2,35,000 மூல இணைகளைக் கொண்டது. அதன் சில மேற்பரப்புப் புரதங்கள் திரிபுக்குத் திரிபு பெரிதும் மாறுபடுகின்றன. ஒருவரின் உடலிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட திரிபுகள் இருக்கவும், அவை தம்முள் பரம்பரையலகுகளைக் கலந்துகொள்ளவும் இயலும். முன்னரே தொற்றுற்ற தாய்க்கு வேறொரு திரிபு மீண்டும் தொற்றிச் சிசுவைச் சென்றடைவதுண்டு என்பதால், தடுப்பூசி ஆய்வாளர் இம்மாறல்களைப் புறக்கணிக்க முடியாது.

கலத்தின் பங்கும் அத்தகையதே. ஏடி169 என்னும் ஆய்வுகூடத் திரிபு தொடுப்பிழையத்தைச் சேர்ந்த நாரரும்பர்க் கலங்களில் நெடுங்காலம் வளர்க்கப்பட்டதால், உறுப்புகளின் மேற்பரப்பைப் போர்த்தும் மேலணிக் கலங்களுள் புகத் தேவையான, ஐந்து புரதங்கள் ஒன்றிணைந்த ஐம்புரதச் சிக்கலை இழந்தது. அச்சிக்கலைப் பற்றும் பிறபொருளெதிரிகள் மேலணிக் கலத்தில் தொற்றை வலுவாகத் தடுப்பினும், நாரரும்பரில் அவ்வாறு தடுப்பதில்லை. ஆகவே ஒரே நீர்ப்பாயத்துக்கு (குருதியின் தெளிந்த நீர்ப்பகுதிக்கு), சோதிக்கும் கலத்துக்கேற்ப இரு வேறு அளவீடுகள் கிடைக்கின்றன. 2009இல் வெளியான ஆய்வில் ஏறக்குறைய பாதியளவு பாதுகாப்பளித்த, இவ்வைரசின் மேற்பரப்புப் புரதங்களுள் ஒன்றான ஜிபியைக் கொண்ட தடுப்பூசியோ, நடுநிலையாக்கும் ஆற்றலைச் சிறிதளவே தூண்டியதெனப் பின்னர் தெரிந்தது. மறுபுறம், ஜிபியையும் ஐம்புரதச் சிக்கலையும் சேர்த்து ஆற்றலை மிகுவித்த மொடேர்னா நிறுவனத்தின் எம்ஆர்என்ஏ தடுப்பூசி, மூன்றாம் கட்ட மனித ஆய்வில் தன் முதன்மை இலக்கை எட்டவில்லை என்று 2025இல் அறிவிக்கப்பட்டது. அளவீட்டின் உயர்வைப் பாதுகாப்பாகவே கொள்வது தவறு என்பதற்கு இவ்விரண்டும் போதும்.

இனித் தமிழ்ச்சொல். ‘நடுநிலை’ என்றதும் நமக்குக் குறளின் ‘நடுவு நிலைமை’ முதலில் நினைவுக்கு வரும். பக்கஞ்சாராமை என்னும் அப்பொருள் இங்கே பொருந்தாது. ‘செயலிழக்கச் செய்தல்’ என்பது வெப்பத்தாலும் இரசாயனத்தாலும் வைரசை அழிப்பதற்கு ஏற்கெனவே வழங்குகிறது. காரைதீவு தந்த விபுலாநந்த அடிகள் 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கத்துக்கு உழைத்தபோது வைரசியல் இன்றைய அளவு வளர்ந்திருக்கவில்லை. ஆகவே புதுச்சொல் ஆக்க நாம் தயங்க வேண்டியதில்லை. இரசாயனத்துக்கு நடுநிலையாக்கலை விட்டுவிட்டு, வைரசியலுக்குத் ‘தொற்றுமுடக்கல்’ என்று வழங்கலாம் என்பது என் துணிபு. ‘மேலணிக் கலத் தொற்றுமுடக்கல்’, ‘நாரரும்பர்த் தொற்றுமுடக்கல்’ எனக் கலத்தின் பெயரை முன்னிறுத்தி எழுதவும் அது இடந்தருகிறது.